எஸ்சிட்டலோப்ராம் ஆரம்பிச்ச பிறகு திக்கல் கூடியிருக்கு, மாத்திரையாலயா?

மாசிவீதி_அக்கா

தம்பிக்கு 24 வயசு. நாலு வயசுல இருந்தே திக்கல் உண்டு. மதுரை கீழ மாசி வீதியில மொத்த மளிகைக் கடையில வேலை. காலையில மூட்டை இறக்குறது, பத்து மணிக்கு மேல போன்ல ஆர்டர் எடுக்கிறது. மூணு நாலு மாசமா மனச்சோர்வு, தூக்கமில்ல, போன் அடிச்சாலே நெஞ்சு படபடப்பு. மனநல மருத்துவர்கிட்டக் காட்டினோம். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. காலையில, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கிளோனசிபாம் 0.5 மி.கி. ராத்திரி. இன்னைக்கு 16-ஆவது நாள்.

தூக்கம் வந்துருச்சு. ஆனா நாலாவது நாள்ல இருந்து திக்கல் கூடின மாதிரி இருக்கு. முன்னாடி "ம-ம-மதுரை"ன்னு வரும், எப்படியோ வந்துரும். இப்ப "ம"லயே உதடு ஒட்டிக்கிட்டு நிக்குது. தாடை இறுகுதுங்கிறான்.

இது மாத்திரையாலயா? நிறுத்திரலாமா? திக்கலையும் சேர்த்துக் குறைக்கிற மனச்சோர்வு மாத்திரை ஏதாவது இருக்கா? அடுத்து ஓபிக்கு வரச் சொன்னது 12 நாள் கழிச்சு. அதுவரைக்கும் என்ன கவனிக்கணும்?

வைகை_மனநலம்

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில்: நீங்களா நிறுத்தாதீங்க. கிளோனசிபாமை சட்டுன்னு விட்டா பதற்றமும் தூக்கமின்மையும் திரும்பி வரும், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். எஸ்சிட்டலோப்ராமை சட்டுன்னு விட்டா ரெண்டு நாலு நாள்ல தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு சுரீர். அந்த நிலையில பேச்சு இன்னும் மோசமாகும். அப்புறம் "மாத்திரையை விட்டதால வந்ததா, மாத்திரையால வந்ததா"ன்னு யாராலயும் பிரிச்சுப் பார்க்க முடியாது.

இப்ப முதல் கேள்வி. நாலாவது நாள்ல ஆரம்பிச்சதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் இதுல முக்கியமான தகவல். இந்த வகை மாத்திரைகள் (செர்ட்ரலின், ஃப்ளூவாக்சடின், பராக்சடின், எஸ்சிட்டலோப்ராம் எல்லாமே) பயத்தைக் குறைக்க நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். ஆனா பக்கவிளைவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, முதல் வாரத்துலயே வந்துரும். அதுல ஒண்ணு ஆரம்பகாலப் படபடப்பு. உடம்புக்குள்ள எஞ்சின் ஓடுற மாதிரி இருக்கும், உட்கார்ந்தா கால் ஆடும், காரணமில்லாம எழுந்து நடக்கத் தோணும். திக்கல் இருக்கிறவருக்கு உடம்பு இறுகினா பேச்சும் இறுகும். இது பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல தணியும். தணியலைன்னா டாக்டர் அளவை 5 மி.கி.க்கு இறக்கிப் பார்ப்பார்.

தாடை இறுக்கம் தனி விஷயம். இந்த மாத்திரைகள் சிலருக்குப் பல்லைக் கடிக்கிற பழக்கத்தைக் கொண்டு வரும், தூக்கத்துலயும். காலையில எழுந்ததும் காதுக்கு முன்னாடி, தாடை மூட்டுல வலி இருக்கான்னு தம்பிகிட்டக் கேளுங்க. இருந்தா அதையும் டாக்டர்கிட்டச் சொல்லணும். "ம", "ப" ரெண்டும் உதடு மூடிச் சொல்ற எழுத்து. தாடை இறுகினா முதல்ல மாட்டிக்கிறது அதுங்கதான்.

நிஜமாவே மருந்தே திக்கலை உண்டாக்கினதா மருத்துவ இதழ்கள்ல பதிவுகள் இருக்கு. செர்ட்ரலின், ஃப்ளூவாக்சடின், அமிட்ரிப்டிலின், புப்ரோபியான்னு பல மருந்துங்க பேர் அதுல அடிபடும். எல்லாம் ஒருத்தர் ரெண்டு பேரைப் பற்றின குறிப்புகள். அளவைக் குறைச்சாலோ மருந்தை மாத்தினாலோ சரியாயிருக்கு. ஏன்னு கேட்டா, திக்கலுக்கும் மூளையில இருக்கிற டோபமின்ங்கிற ரசாயனத்துக்கும் சம்பந்தம் இருக்குங்கிற கருத்து பழசு. 1997-ல வந்த ஒரு பெட் ஸ்கேன் (மூளை வேலை செய்றதைப் படம் பிடிக்கிற ஸ்கேன்) ஆய்வு, திக்குறவங்க மூளையில டோபமின் வேலை கூடுதலா இருக்குன்னு காட்டுச்சு. ஆனா அதுல பார்த்த திக்குறவங்க மூணே பேர், அதை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். எஸ்சிட்டலோப்ராம் மாதிரி, செரோடோனின்ங்கிற இன்னொரு மூளை ரசாயனத்தைக் கூட்டுற மாத்திரை டோபமின் பாதையையும் மறைமுகமாத் தொடும். ஆளுக்கு ஆள் ஒருத்தருக்குக் கூடுறதும் ஒருத்தருக்குக் குறையுறதும் அதனாலதான்னு ஒரு விளக்கம் உண்டு.

மூணாவது கேள்விக்கு நேரடியாச் சொல்றேன், அப்படி ஒரு மாத்திரை இல்லை. குளோமிப்ரமின்ங்கிற பழைய மனச்சோர்வு மாத்திரையை 1995-ல சோதிச்சப்ப கொஞ்சம் பலன் தெரிஞ்சது, பெரிசா இல்லை. பராக்சடினையும், டோபமினைத் தடுக்கிற பிமோசைடையும் ஒப்பிட்ட ஆய்வு 2005-ல வந்தது. பிமோசைடு பேச்சைக் கொஞ்சம் சரளமாக்குச்சு, பராக்சடின் பேச்சுல ஒண்ணும் பண்ணலை. பராக்சடினை நிறுத்தும்போது வந்த தொந்தரவால அந்த ஆய்வையே பாதியில முடிச்சுட்டாங்க. 2006-ல அதுவரைக்கும் வந்த 31 கட்டுரைகளை அலசினவங்க, திக்கலைப் பாதியாவது குறைச்ச மருந்து ஒண்ணுகூட ஒழுங்கான ஆய்வுல நிரூபணமாகலைன்னு எழுதினாங்க. அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி கொடுக்கிற எஃப்டிஏ இன்னைக்கு வரைக்கும் திக்கலுக்குன்னு ஒரு மருந்தையும் அங்கீகரிக்கலை.

அப்ப எதுக்கு இந்த மாத்திரைன்னா, மனச்சோர்வுக்கும் பயத்துக்கும். பயம் குறைஞ்சா தம்பி போனை எடுப்பார். திக்கிக்கிட்டே எடுப்பார், ஆனா எடுப்பார். பல பேருக்கு நடக்கிறது இதுதான். இன்னொரு கூத்தும் நடக்கும். முன்னாடி பயந்து பேசாம இருந்தவர் இப்ப நிறையப் பேசறதால, வீட்டுல இருக்கிறவங்க காதுக்குத் திக்கல் கூடின மாதிரி கேட்கும்.

கடைசியா ஒண்ணு. 25 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு முதல் சில வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடலாம்னு எச்சரிக்கை இருக்கு. தம்பிகிட்ட வாய் திறந்தே கேளுங்க. கேட்டா எண்ணம் வந்துரும்னு பயப்பட வேண்டாம். அப்படி ஏதும் இருந்தா 12 நாள் காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே டாக்டர்கிட்டப் போங்க. ராத்திரி நேரம்னா அரசு ராஜாஜி மருத்துவமனை அவசரப் பிரிவு. அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416-க்கும் அடிக்கலாம், தமிழ்ல பேசுவாங்க.

பேச்சுப்பயிற்சி_திருநகர்

"கூடின மாதிரி இருக்கு"ங்கிறதை வெச்சு எந்த டாக்டராலும் முடிவு எடுக்க முடியாதுங்க. திக்கல் ஒரே நாள்ல காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். எண்ணிக்கை வேணும். தமிழ்ல எண்றது ரொம்பச் சுலபம், நம்ம எழுத்து முறையே பாதி வேலையைச் செஞ்சு கொடுத்துருது.

திக்கலை அசைக் கணக்குல அளப்பாங்க (யாப்பு அசை இல்லை, இங்கிலீஷ்ல சிலபிள்னு சொல்றது). தமிழ்ல புள்ளி வெச்ச மெய்யெழுத்தை விட்டுட்டு மத்த எழுத்தை எண்ணினா அசைக் கணக்கு வந்துரும். "மாட்டுத்தாவணி"யில மா, டு, தா, வ, ணி, மொத்தம் 5. "ஆரப்பாளையம்" 5. "சிம்மக்கல்" 3. "திருப்பரங்குன்றம்" 6.

செய்முறை: போன்ல ஒலிப்பதிவு. முதல்ல தினசரி பேப்பர்ல 300 எழுத்து வர்ற ஒரு பத்தியை எண்ணிக் குறிச்சு வெச்சு, அதை வாசிக்கச் சொல்லுங்க. அடுத்து வீட்டுல மூணு நிமிஷம் பேச்சு. மூணாவது, கடையில நிஜமா எடுத்த ஆர்டர் போன், தம்பி பக்கத்துக் குரல் மட்டும். மூணுலயும் 300 எழுத்துக்கு எத்தனை இடத்துல திக்குச்சுன்னு எண்ணுங்க. "ம-ம-ம-மதுரை"ன்னா அது ஒரு திக்கல்தான், மூணு இல்லை. 27 இடம் வந்தா 9 சதவீதம். கூடவே மிக நீளமான அடைப்பு மூணோட நேரத்தையும் விநாடியில குறிங்க. உங்க தம்பி கதையில எண்ணிக்கையை விட அந்த நீளம்தான் மாறியிருக்குன்னு தோணுது.

வாசிக்கிற பத்தியை வாராவாரம் மாத்துங்க. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிச்சா திக்கல் தானாக் குறையும், மாத்திரையால குறைஞ்சதுன்னு ஏமாந்துருவோம். நேரத்தை மட்டும் மாத்தாதீங்க. கிளோனசிபாம் போட்ட மறுநாள் காலை எட்டு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் வித்தியாசம் இருக்கும்.

சின்ன வயசுத் திக்கலா, மருந்து கொண்டு வந்த திக்கலான்னு பிரிக்க சில அடையாளங்கள் உண்டு. பழைய திக்கல் பெரும்பாலும் சொல்லோட முதல் எழுத்துல வரும், கண்ணை மூடுறது, தலையை வெட்டுறது, வேற சொல்லுக்குத் தாவுறதுன்னு கூடவே ஏதாவது இருக்கும். பாடினாலோ, இன்னொருத்தரோட சேர்ந்து ஒரே குரலா வாசிச்சாலோ ஓடிப் போயிரும். மருந்து கொண்டு வர்றது பெரும்பாலும் சொல்லுக்கு நடுவுலயும் வரும், "அது", "ஒரு" மாதிரி சின்னச் சொல்லுலயும் வரும், சேர்ந்து வாசிச்சாலும் போகாது. சேர்ந்து வாசிக்கிற சோதனையை இன்னைக்கே வீட்டுல செஞ்சு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

கிளோனசிபாமால நாக்கு கனத்துப் போய் சொல் குழைஞ்சு வர்றது வேற. அது திக்கல் இல்லை, குழறல். அமிட்ரிப்டிலின் மாதிரி மருந்தால வாய் காய்ஞ்சு, சித்திரை வெயில்ல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிறது இன்னொண்ணு. வீட்டுல எல்லாத்தையும் "திக்குது"ன்னே சொல்லிருவோம். டாக்டர்கிட்ட எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க.

மருந்துச்சீட்டு

டாக்டருங்க சொல்லிட்டாங்க. நான் அட்டையைப் பத்தி மட்டும் பேசுறேன்.

அட்டையில பெரிய எழுத்துல இருக்கிற பிராண்டு பேரைப் பார்க்காதீங்க. அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரையும் மி.கி.யையும் பாருங்க. பிராண்டு பேருக்குப் பின்னாடி "பிளஸ்"னு இருந்தா பல நேரம் எஸ்சிட்டலோப்ராமோட கிளோனசிபாமும் உள்ளேயே சேர்ந்திருக்கும். காலையில பிளஸ் மாத்திரை, ராத்திரி தனிக் கிளோனசிபாம்னு ரெண்டு தடவை போறது நீங்க நினைக்கிற அளவுக்கு அபூர்வம் இல்லை. அப்படிப் போனா பகல்ல ஆள் தூங்கி வழிவார், நாக்கு குழறும்.

எஸ்சிட்டலோப்ராமை மறக்காம ஒரே நேரத்துக்கு, காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு வேளை மறந்தா மறுநாள் ரெண்டாப் போடக் கூடாது. சில பேர் ஞாயித்துக்கிழமை கறிச்சோறு, கூட்டாளிங்க, "கொஞ்சம்" சரக்குன்னு மாத்திரையைத் தள்ளி வெச்சிருவாங்க. சரக்கும் கிளோனசிபாமும் சேர்ந்தா மூச்சுக்கே ஆபத்து, மாத்திரையைத் தள்ளி வெச்சா பேச்சு ஆடும். சரக்கைத்தான் தள்ளி வைக்கணும்.

பராக்சடின் சிஆர், வென்லாஃபாக்சின் எக்ஸ்ஆர் மாதிரி மெதுவாக் கரையுற மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இந்த ரெண்டும் நிறுத்தும்போதும் ரொம்பப் படுத்தும், பைய பையத்தான் இறக்கணும். ஃப்ளூவாக்சடின் உடம்புல வாரக்கணக்குல தங்கும், அதனால நிறுத்துறது கொஞ்சம் லேசு. ஃப்ளூவாக்சமின் எடுக்கிறவங்க காபியைக் குறைக்கணும். சாதாரணமா காபிச் சத்துல பாதி அஞ்சு மணி நேரத்துல உடம்பை விட்டுப் போகும், அந்த மருந்தோட முப்பது மணி நேரம் வரைக்கும் இழுக்கும். காலையில குடிச்ச டிகிரி காபி மறுநாள் வரைக்கும் உள்ள உட்கார்ந்து படபடப்பைக் கொடுக்கும்.

அக்கா, ஒரு வேலை செய்யுங்க. தம்பி சட்டைப் பை, கடை டிராயர், வண்டிப் பெட்டி எல்லாத்துலயும் இருக்கிற அட்டைங்களை எடுத்து இங்க எழுதுங்க. சளி மாத்திரை, வலி மாத்திரை, இருமல் டானிக், எதையும் விடாம.

மாசிவீதி_அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சேர்ந்து வாசிச்சுப் பார்த்தோம், திக்கல் சுத்தமா இல்லை. தனியா வாசிச்சா வருது. காலையில தாடை வலி இருக்காம்.

அட்டையில பிளஸ் இல்லை, தனித்தனியாத்தான் இருக்கு. ஆனா வண்டிப் பெட்டியில ஒரு அட்டை கிடைச்சது. மூட்டை தூக்கி இடுப்புப் பிடிச்சுக்கிட்டதுன்னு ஒரு மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்கியிருக்கான். டிராமடால் 37.5, பாராசிட்டமால் 325-ன்னு போட்டிருக்கு. அஞ்சு நாளா ராத்திரி ஒண்ணு. கை நடுக்கம் இருக்கு, வேர்க்குது. கடையில வேர்க்கிறது வழக்கம்தானேன்னு விட்டுட்டோம். வீட்டுப் பெரியவங்க வேற வசம்பைச் சுட்டு நாக்குல தடவச் சொல்றாங்க.

மருந்துச்சீட்டு

இதைத்தான் தேடினேன். டிராமடால் இனி வேண்டாம். அதுவும் செரோடோனினைக் கூட்டும், எஸ்சிட்டலோப்ராமும் கூட்டும். ரெண்டும் சேர்ந்தா நடுக்கம், வேர்வை, படபடப்பு. வலிப்பு வர்ற வாய்ப்பும் கூடும். கிளோனசிபாமோட சேர்ந்தா மூச்சு மந்தமாகும். சீட்டு இல்லாம கொடுக்கவே கூடாத மருந்து அது.

இடுப்பு வலிக்கு இப்போதைக்கு வெறும் பாராசிட்டமால். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் பக்கமும் டாக்டரைக் கேட்காமப் போகாதீங்க, எஸ்சிட்டலோப்ராமோட சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான்னு போட்ட இருமல் டானிக்கும் டிராமடால் கதைதான்.

வைகை_மனநலம்

அக்கா, இனி 12 நாள் கணக்கு வேண்டாம். நாளைக்குக் காலையிலயே டாக்டருக்குப் போன் பண்ணி, டிராமடாலை எந்தத் தேதியில இருந்து எத்தனை மாத்திரைன்னு சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரி காய்ச்சல், வயித்துப்போக்கு, கால் விறைச்சுத் துடிக்கிறது, குழப்பமாப் பேசறது, இதுல எது வந்தாலும் காலை வரைக்கும் காத்திருக்காம அவசரப் பிரிவு. 108 கூப்பிடலாம். போகும்போது எல்லா அட்டையையும் கையோட கொண்டு போங்க.

ஒரு நியாயம் சொல்லணும். நாலாவது நாள்ல கூடின திக்கலுக்கு அஞ்சு நாளா எடுக்கிற டிராமடால் காரணமா இருக்க முடியாது. நடுக்கத்துக்கும் வேர்வைக்கும் அது காரணமா இருக்கலாம். திக்கலுக்கு ஆரம்பகாலப் படபடப்பும் தாடை இறுக்கமும்தான் முதல் சந்தேகம். சேர்ந்து வாசிச்சா போயிருதுன்னதும் அதே பக்கம்தான் காட்டுது, பழைய திக்கல்தான் இறுகி நிக்குது.

சோழவந்தான்_வெற்றிலை

வசம்பு வேண்டாங்க. அதுக்கு ஊர்ல "பேர் சொல்லா மருந்து"ன்னு பேர் வேற. தன் பேரைச் சொல்லத்தான் திக்குறவன் தவிக்கிறான், அவனுக்குப் போய் அதையா? அதுல இருக்கிற பீட்டா அசரோன்ங்கிற ரசாயனம் நல்லதில்லைன்னு அமெரிக்காவுல 1968-லயே உணவுல சேர்க்கத் தடை போட்டுட்டாங்க. நாக்குக்குக் கீழ நரம்பு வெட்டுறது, வாயில கூழாங்கல் வைக்கிறது எல்லாமும் இதே வரிசைதான்.

திருநகர்க்காரர் சொன்ன எண்ணிக்கையில எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. எண்ணுங்க, ஆனா தம்பி எண்ண வேண்டாம், தினமும் எண்ண வேண்டாம். "இன்னைக்கு எத்தனை"ன்னு தன் பேச்சைத் தானே காவல் காக்க ஆரம்பிச்சா அதுவே அடைப்பைக் கொண்டு வரும். பதிவு வாரம் ஒரு தடவை, எண்றது அக்கா. தம்பிக்கு வேற கணக்கு கொடுங்க: இன்னைக்கு எத்தனை போன் எடுத்தார், எத்தனையை அடுத்தவர்கிட்டத் தள்ளிவிட்டார். "துவரம்பருப்பு"ன்னு சொல்ல வேண்டிய இடத்துல "பருப்பு"ன்னு சொல்லித் தப்பிச்சது எத்தனை. எஸ்சிட்டலோப்ராம் வேலை செய்யுதான்னு ஆறாவது வாரத்துல காட்டுறது அந்தக் கணக்குதான்.

கடையிலயும் ஒரு வழி உண்டு. ஆர்டரை வாட்ஸ்ஆப்ல அனுப்பச் சொல்லி, போன்ல திருப்பி வாசிச்சு உறுதி பண்றது மட்டும் தம்பி வேலையா வைக்கலாம். முழுசா போனை எடுத்துட வேண்டாம். எடுத்துட்டா பயம் உள்ளேயே தங்கிரும்.

பேச்சுப்பயிற்சி_திருநகர்

வாரம் ஒரு தடவைங்கிறது சரிதான், ஒத்துக்கிறேன். நான் எழுதும்போது அதைச் சொல்லாம விட்டுட்டேன்.

பேச்சுப் பயிற்சியை மாத்திரை முடிஞ்சு பார்த்துக்கலாம்னு தள்ளாதீங்க. மூணாவது நாலாவது வாரத்துல படபடப்பு இறங்கினதும் ஆரம்பிக்கலாம். அரசு ராஜாஜி மருத்துவமனையில பேச்சுப் பயிற்சி பத்தி காது மூக்கு தொண்டைப் பிரிவுல கேளுங்க. தனியார்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கான்னு கேட்டுட்டு உட்காருங்க. "30 நாள்ல திக்கல் போகும், கேரண்டி"ங்கிற போர்டு இருந்தா அப்படியே வண்டியைத் திருப்பிருங்க.

உதட்டு அடைப்புக்கு இப்போதைக்கு ஒண்ணு. "ம"ல உதடு ஒட்டினா, அழுத்தித் தள்ளக் கூடாது. அங்கேயே நிறுத்தி, உதட்டை லேசாத் தொட்ட நிலைக்குத் தளர்த்தி, மூக்கு வழியா "ம்"மைக் குரலோட மெதுவா ஓட விட்டு அப்புறம் "மதுரை"க்குள்ள போகணும். ஒரு நாளைக்குப் பத்து சொல், கண்ணாடி முன்னாடி. வேணும்னே அடைச்சு, வேணும்னே தளர்த்திப் பழகணும்.

மாசிவீதி_அக்கா

காலையில டாக்டர்கிட்டப் பேசிட்டேன். டிராமடாலை நிறுத்தச் சொல்லிட்டார், காய்ச்சல் எல்லாம் இல்லை. எஸ்சிட்டலோப்ராம் 5 மி.கி. ஒரு வாரம், கிளோனசிபாம் அப்படியே. அடுத்த திங்கள் வரச் சொல்லியிருக்கார். அட்டைங்களோட பதிவையும் கொண்டு வரச் சொன்னார்.

முதல் பதிவை எண்ணினேன். வாசிப்புல 300-க்கு 18, வீட்டுப் பேச்சுல 24, கடை போன்ல 41. மிக நீளமான அடைப்பு 6 விநாடி, "மல்லி"யில.

ஒரு சந்தேகம். புள்ளி எழுத்தை விட்டுடுங்கன்னு சொன்னீங்க. ஆனா அவன் "ம்ம்ம்"னு நீட்டி நிக்கிறதே மெய்யிலதானே, அதை எப்படிக் கணக்குல எடுக்கிறது?

பேச்சுப்பயிற்சி_திருநகர்

நல்ல கேள்வி. மொத்த எழுத்துக் கணக்குல மெய்யைச் சேர்க்காதீங்க. ஆனா அந்த "ம்ம்ம்" கடைசியில எந்த எழுத்துல போய் விழுதோ, அந்த எழுத்து மேல ஒரு கோடு போடுங்க. "ம்ம்ம்மல்லி"ன்னா "ம" மேல ஒரு கோடு. மொத்தம் ரெண்டு எழுத்து, ம, லி. திக்கல் ஒண்ணு. "ம்ம்ம்"னு நின்னுட்டு மல்லியை விட்டு "தனியா"ன்னு மாத்திச் சொன்னாலும் அந்த "ம"வுக்கு ஒரு கோடு உண்டு, பக்கத்துல "தாவினார்"னு எழுதி வைங்க. திங்கட்கிழமை டாக்டர் அதைத்தான் கேட்பார்.